ஓல்டனிலிருந்து பதினேழு கிலோமீட்டர்

பார்வையாளரைத் தெரிவுசெய் என்கிறது திரை.
மொழி தமிழ்.
வயது பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து.
இடம் ஓல்டன், சுற்றிவரப் பதினேழு கிலோமீட்டர்.
வரைபடத்தில் ஒரு நீல வட்டம் விழுகிறது.
ஆரே ஆறு, பழைய மரப்பாலம்,
நாலு திசைக்கும் பிரியும் தண்டவாளங்கள்,
மூன்று வாரமாய்க் கலையாத மூடுபனி,
எல்லாம் அதற்குள்.

பகலில் இதே விரலால் மெத்தை விற்பவள் நான்.
முதுகுவலிக்காரரை எங்கே பிடிக்கலாமென்று தெரியும்.
இரவு எட்டுக்குப் பிறகு
பெயாட்ரிசின் அறக்கட்டளைக்காக, சம்பளமில்லாமல்,
கடத்திவரப்பட்டவர்களைத் தேடுகிறேன்.
தெரிவுப்பட்டியலில் அப்படியொரு கட்டம் இல்லை.
நாய் வளர்ப்போர் உண்டு.
அடிக்கடி பயணம் போவோர் உண்டு.

முதல் விளம்பரத்தில் சங்கிலி பூட்டிய இரண்டு கைகள்,
காசு கொடுத்து வாங்கிய படம்.
எண்ணாயிரம் பேர் பார்த்தார்கள்.
அழும் முகம் போட்டார்கள்.
ஒருவரும் அழைக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவும்போது உறைத்தது:
சங்கிலி இல்லாத கை
அந்தப் படத்தில் தன்னை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இரண்டாவதைத் தளமே மறுத்தது.
"விற்கப்பட்டீர்களா" என்ற சொல்
விற்பனை விதிகளுக்கு முரணாம்.
மெத்தைக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவதில் படமே இல்லை.
வெறும் மஞ்சள். நடுவில் ஒரு கேள்வி:
உங்கட பாஸ்போட் இப்ப ஆற்ற கையில?

ஒரு கிளிக்குக்கு நாற்பத்தொரு ரப்பன்.
முதலில் அழைத்தவர்,
"புதுப்பிக்க எத்தினை நாள் எடுக்கும், தங்கச்சி?"
இரண்டாமவரும் அதே.
மூன்றாமவருக்குப் பேர்ணுக்குப் போகும் ரயில் நேரம் சொன்னேன்.

பிறகு செவ்வாய் அதிகாலை இரண்டு நாற்பத்தேழு.
ஒரு கிளிக். ஒரு நிமிடம் நின்று, போய்விட்டது.
புதனும் அதே நேரம்.
வியாழனும்.
பழைய அன்ட்ரொய்ட், ஸோஃபிங்கன் பக்கம்.
அதற்குமேல் சொல்லாது கருவி.
மெத்தைக்காரருக்கு இவ்வளவே போதும்.

வெள்ளி மாலை தர்மினி மச்சாள் எடுத்தாள்,
ஸோஃபிங்கனிலிருந்து:
"உம்மட ஆக்களின்ர விளம்பரமாமே, பார்த்தனான்.
நாங்களும் இந்தப் பிள்ளையின்ரய வாங்கித்தான் வச்சிருக்கிறம்,
துலைச்சுப்போடும் எண்டு.
லாச்சிக்குள்ள, நகைப்பெட்டிக்குக் கீழ, பத்திரமா.
அதுக்குப் பேர் கடத்தலே?"
சிரித்தாள்.
நானும்
ஒரு நொடி
சிரித்தேன்.

ஓகஸ்டில் அந்த வீட்டுப் பிறந்தநாளுக்கு
எண்பது பேருக்கு ரோல்ஸ் பொரித்த பிள்ளை.
ஹட்டன் பக்கம் என்றார்கள்.
"சூடா இருக்கு அக்கா, பார்த்து" என்றாள்.
நாலு தின்றேன்.
எத்தனை மணிக்குப் படுப்பாய் என்று கேட்கவில்லை.
சம்பளம் தருகிறார்களா என்றும்.
பேர்?
எல்லாரும் "பிள்ளை" என்றார்கள், நானும் "பிள்ளை" என்றேன்.

வட்டம் போட்டபோது என் வீடும் அதற்குள்தான் கிடந்தது.
என் வயதும் சரி, மொழியும் சரி.
அன்றிரவு என் போனிலேயே வந்தது,
யாரோ ஒருவரின் கலியாணப் படத்துக்கும்
தள்ளுபடி விலை அரிசிமூட்டைக்கும் இடையில்,
மஞ்சளாய்.
தள்ளிவிட்டேன்.
திரும்ப மேலே இழுத்தேன்.

பெயாட்ரிஸ் கேட்கிறாள், பதிவுக்கு முழுப்பெயர் வேணும்.
முழுப்பெயர்
நகைப்பெட்டிக்குக் கீழே இருக்கிறது.

ஸோஃபிங்கனுக்கு ரயில் பத்து நிமிடம்கூட இல்லை.
டிக்கட் எடுத்துவிட்டேன்.
கதவு திறந்தால் மச்சாளுக்குச் சொல்ல வேண்டிய முதல் வரி,
ஒரே ஒரு வரி,
எழுதி எழுதி அழிக்கிறேன்.